நம் திருகோணமலைக் குடாவில் எண்ணெய் கொட்டினால் என்ன செய்வோம்? அன்றாடம் எரிப்பதை எப்படிக் குறைப்போம்?

உப்புவெளியான் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2025 ஏப்ரலில் இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம், இலங்கை மூன்றும் புரிந்துணர்வு உடன்படிக்கையில் கையெழுத்திட்டதிலிருந்து திருகோணமலையை எரிசக்தி மையமாக்கப் போகிறார்கள் என்ற பேச்சு ஓயவில்லை. குழாய்வழி வரும் என்கிறார்கள், கப்பல்களுக்கு எண்ணெய் நிரப்பும் தொழில் வரும் என்கிறார்கள். வேலை கிடைக்கும் என்று சிலர், நாட்டையே எழுதிக் கொடுக்கிறார்கள் என்று வேறு சிலர். இந்தச் சண்டையில் ஒரு கேள்வியை யாரும் கேட்கக் காணோம். இங்கே எண்ணெய் கடலில் கொட்டினால் முதல் சில மணி நேரத்தில் யார் வருவார்கள், எதைக் கொண்டு வருவார்கள்?

சும்மா பயமுறுத்தவில்லை. 2020 செப்டம்பர் 3ஆம் திகதி குவைத்திலிருந்து இந்தியாவின் பாரதீப்புக்குப் போய்க்கொண்டிருந்த நியூ டயமண்ட் எண்ணெய்க் கப்பல் நம் கிழக்குக் கரையின் சங்கமன்கண்டிக்கு நேரே ஆழ்கடலில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தது சுமார் 270,000 தொன் மசகு எண்ணெய். பிலிப்பைன்ஸ் மாலுமி ஒருவர் உயிரிழந்தார். இலங்கை, இந்தியக் கப்பல்கள் நாட்கணக்காகத் தண்ணீர் அடித்துத் தீயை அணைத்தன. மசகு எண்ணெய்த் தொட்டிகள் தப்பின. கப்பல் ஓடுவதற்கு வைத்திருந்த எரிபொருளில் கொஞ்சம்தான் கடலில் படர்ந்தது. அப்போது தென்மேற்குக் கச்சான் காற்றுக் காலம், காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும். கரையை நோக்கி வாடைக்காற்று அடிக்கும் மார்கழியில் அந்தத் தொட்டிகள் வெடித்திருந்தால் அவ்வளவும் கரைக்கு வந்திருக்கும்.

அடுத்த வருடமே மேற்குக் கரையில் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கியது. உயர் நீதிமன்றம் நூறு கோடி டொலர் நட்டஈடு கட்டச் சொன்னது 2025 ஜூலையில். நான்கு வருடம்! கரைவலைக்காரர் வீட்டு அடுப்பு நான்கு வருடம் காத்திருக்குமா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். கப்பல் வருவது நாம் எண்ணெய் கேட்பதால்தான். இந்த ஊரில் இருந்துகொண்டே, பிழைப்பைக் கெடுத்துக்கொள்ளாமல், அதை எவ்வளவு குறைக்க முடியும்? 2022 பொருளாதார நெருக்கடியில் எண்ணெய் கிடைக்காமல் குறைக்க வேண்டி வந்தது, யாரும் நம்மைக் கேட்கவில்லை. இந்த முறை நாமாகவே யோசிக்கலாம் என்று நினைக்கிறேன்.

கண்டல்காடு எழுதியது:

அண்ணா, நல்ல நேரத்தில் தொடங்கியிருக்கிறீர்கள். கடல் உயிரினங்கள் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

எந்த எண்ணெய் கொட்டுகிறது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாமே. பெட்ரோலும் டீசலும் வெயிலிலும் காற்றிலும் பெரும்பாலும் ஆவியாகிப் போய்விடும். ஆனால் இருக்கும் கொஞ்ச நேரத்தில் மீன் முட்டை, இறால் குஞ்சு போன்ற சின்ன உயிர்களுக்கு அது கடும் விஷம். பெரிய கப்பல்கள் எரிக்கும் கனமான உலை எண்ணெய் வேறு மாதிரி. அது பெரிதாக ஆவியாகாது. கடல் தண்ணீரோடு குழம்பி, கொட்டியதை விடப் பல மடங்கு கனஅளவாகி, களி மாதிரி கரையில் ஒட்டும். கொஞ்ச காலம் கழித்துத் தார் உருண்டைகளாக மணலுக்குள்ளிருந்து வெளியே வரும்.

நமக்குப் பெரிய ஆபத்து குடாவின் உள்பக்கம்தான். நிலாவெளி, உப்புவெளி மணற்கரையை ஆள் வைத்து வழித்து எடுக்கலாம். தம்பலகாமம் குடாவிலும் கிண்ணியாப் பக்கத்திலும் இருக்கும் கண்டல் மரங்களை என்ன செய்வது? சேற்றுக்கு மேலே குச்சி குச்சியாக நிற்கிறதே, அந்த வேர்களில் உள்ள நுண்துளைகளால்தான் மரம் மூச்சு விடுகிறது. எண்ணெய் அதை அடைத்தால் மரம் உடனே சாகாது. இலை மஞ்சளாகி உதிர்ந்து, மாதக்கணக்கில் மெல்ல மெல்லச் சாகும். சேற்றுக்குள் இறங்கிய எண்ணெய் வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கும், ஏனென்றால் சேற்றுக்குள் காற்று இல்லை, எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் அங்கே நன்றாக வேலை செய்யாது.

ஒரு வேண்டுகோள். எண்ணெய் மிதந்தால் சவர்க்காரத் தூளைக் கொட்டிக் கரைக்கலாம் என்று யாராவது சொன்னால் தடுத்து நிறுத்துங்கள். எண்ணெய் கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். அத்தனையும் கீழே இறங்கும். புறாமலைப் பக்கத்தில் அப்படிச் செய்தால் பவளப்பாறையின் மேலேயே கொட்டுவதாக அர்த்தம்.

திருக்கடலூர் வள்ளம் எழுதியது:

தம்பி உப்புவெளியான், தங்கச்சி, இரண்டு பேரும் எழுதியதை வாசித்தேன். கப்பல் விசயம் சரி. “எண்ணெயைக் குறைப்போம்” என்று தொடங்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. எப்போது குறைக்கச் சொன்னாலும் முதலில் குறைக்கப்படுவது எங்கள் வள்ளத்து எண்ணெய்தான்.

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாயானது. அதற்கு முன்பு பல மாதம் காசு கொடுத்தாலும் எண்ணெய் இல்லை. எங்கள் என்ஜினைப் பெட்ரோலில் தட்டி எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றித்தான் ஓடுகிறோம். இரண்டும் வேண்டும், இரண்டும் இல்லை. கரைக்குக் கிட்ட துடுப்புப் போட்டு வலை விட்டவர்கள் கறிக்கு மட்டும் மீன் கொண்டு வந்தார்கள். ஐஸ் இல்லை, ஏற்றிப்போக லொறியும் இல்லை. அந்த நாட்களைக் காட்டி “பாருங்கள், எண்ணெய் இல்லாமலும் வாழ்ந்தோம்” என்று யாராவது எழுதினால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

உப்புவெளியான் எழுதியது:

அண்ணை, நீங்கள் சொல்வதில் ஒரு எழுத்தும் தப்பில்லை. இல்லாமையால் குறைவதையும் யோசித்துக் குறைப்பதையும் ஒன்றாகப் பேசக்கூடாது. நான் கேட்பது வேறு. கடலுக்குப் போகும் ஒரு நாளில் எந்தப் பங்கு எண்ணெய் மீனாகிறது, எந்தப் பங்கு வீணாகிறது? உங்களை விட யாருக்கும் அது தெரியாது.

எண்ணூர் முகத்துவாரம் எழுதியது:

அண்ணே, நான் சென்னைக்கு வடக்கே எண்ணூர். யாரும் கேட்காமலே பேசுகிறேன், மன்னிக்கவும். “யார் வருவார்கள்” என்ற கேள்விக்கு எங்களிடம் பதில் இருக்கிறது.

2017 ஜனவரி 28ஆம் தேதி காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. பெரிதாக ஒன்றுமில்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். பிறகு எண்ணெய்ப் படலம் பாறைகளுக்கு நடுவில் வந்து தங்கியது. உறிஞ்சும் இயந்திரம் கொண்டு வந்தார்கள், களி கெட்டியாக இருந்ததால் சரியாக வேலை செய்யவில்லை. கடைசியில் மாணவர்களும் மீனவர்களும் வரிசையாக நின்று வாளியில் அள்ளிக் கைமாற்றினார்கள். உலகமே அந்தப் படத்தைப் பார்த்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கத்திலிருந்து எண்ணெய் அடித்துக்கொண்டு வந்து கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தை மூடியது. இந்த முறை கப்பல் இல்லை, மோதல் இல்லை, மழைதான். வீட்டுச் சுவரில் வெள்ளம் நின்ற உயரம் வரை கறுப்புக் கோடு. வலையைத் தூக்கினால் கண்ணி கண்ணியாக ஒட்டியிருக்கும், மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தாலும் போகாது. அந்த வலையில் நல்ல மீன் பட்டால்கூட நாற்றத்துக்காக வாங்க மாட்டார்கள். வலை போனால் புது வலை வாங்கிக்கொள்ளலாம். எண்ணூர் மீன் என்றாலே எண்ணெய் மீன் என்று ஒரு பேச்சு சந்தையில் பரவியதே, அதுதான் நீண்ட நாள் வாட்டியது.

கையுறை, முகமூடி, பீப்பாய், பெயர்ப்பட்டியல் இதெல்லாம் முன்கூட்டியே ஊரில் இருக்கட்டும். எண்ணெய் வந்த பிறகு தேடினால் வெறுங்கைதான் மிஞ்சும். வெறுங்கையால் அள்ளியவர்களுக்குத் தோல் எரிச்சலும் தலைச்சுற்றலும் வந்தது.

கண்டல்காடு எழுதியது:

அண்ணா, எழுதியதற்கு நன்றி. மொரிசியஸில் 2020இல் வகாஷியோ கப்பல் பவளத்திட்டில் ஏறி ஏறக்குறைய ஆயிரம் தொன் எண்ணெய் கொட்டியபோது அந்தத் தீவு மக்கள் கரும்புச் சோகையைத் துணிக்குள் திணித்து, மிதக்க வெற்றுப் போத்தல்களைக் கட்டி, கிலோமீட்டர் கணக்கில் மிதவைத் தடுப்பு தைத்தார்கள். அரசாங்கத்தின் கைக்காகக் காத்திருக்கவில்லை. நம்மிடம் கரும்பு இல்லாவிட்டால் என்ன, வைக்கோலும் தும்பும் இருக்கின்றன. வாய்க்கால், களப்பு வாய் போன்ற குறுகிய இடத்துக்கு அது போதும். அலை அடிக்கும் திறந்த கடலில் நிற்காது.

சட்டப்படி இங்கே பொறுப்பு கடல்சார் சுற்றாடல் பாதுகாப்பு அதிகாரசபையினுடையது, 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ். எண்ணெய்க் கசிவுக்கான தேசியத் திட்டம் ஒன்றும் உண்டு. அந்தத் திட்டத்தில் நம் மீனவர் சங்கங்களுக்கு என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குவது நம் உரிமை.

தாங்கியடி எழுதியது:

சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள் பக்கம் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். தாங்கி என்றாலே வெடிகுண்டு மாதிரிப் பேசுகிறார்கள், அதனால் சில விசயம் சொல்ல வேண்டியிருக்கிறது.

1930களில் வெள்ளைக்காரன் கட்டியவை இவை. இப்போது இருப்பது 99. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 கன மீட்டர் கொள்ளும். 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 14 இந்தியன் ஒயில் கம்பனியின் இலங்கைக் கிளையான லங்கா ஐஓசியிடம், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம், மிச்சம் 61 இரண்டும் சேர்ந்த கம்பனியிடம். 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் குண்டு போட்ட அன்று ஒரு விமானம் ஒரு தாங்கியில் மோதி அது நாட்கணக்கில் எரிந்தது. அந்த நெருப்பையும் பக்கத்துத் தாங்கிகள் தாங்கி நின்றன.

நிலத்தில் நிற்கும் தாங்கியை விட, கப்பலிலிருந்து குழாய் போட்டு இறக்கும் நேரம்தான் கவனிக்க வேண்டியது. உலகம் முழுக்கச் சின்னக் கசிவுகள் நிறைய நடப்பது ஏற்றி இறக்கும்போதுதான். ஒரு இணைப்பு சரியாக இறுகவில்லை, ஒரு ஆள் வால்வை விட்டுப் போய்விட்டார், அவ்வளவு போதும். அதனால் குடாவில் எண்ணெய் நிரப்பும் தொழில் வருமானால் கேட்க வேண்டியது இதுதான்: இறக்கும் ஒவ்வொரு கப்பலையும் சுற்றி மிதவைத் தடுப்பு போடுவார்களா, இரவில் பொறுப்பாக யார் நிற்பார்?

கேட்டால் பலன் இருக்கும் என்பதற்கு ஒரு உதாரணம். 1989இல் அலாஸ்காவில் எக்ஸன் வால்டீஸ் கப்பல் பாறையில் ஏறிய பிறகு அடியிலும் பக்கங்களிலும் இரட்டைச் சுவர் இல்லாத எண்ணெய்க் கப்பல்களைப் படிப்படியாக ஒதுக்கினார்கள். 1970களோடு ஒப்பிட்டால் எண்ணெய்க் கப்பல் கசிவுகளின் எண்ணிக்கை இன்று தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. கட்டுப்பாடு போட்டால் கம்பனி ஓடிப்போகும் என்கிறார்களே, எங்கேயும் ஓடவில்லை.

கராஜ் தம்பி எழுதியது:

எல்லாரும் கப்பலைப் பற்றியே எழுதுகிறீர்கள். நான் தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன்.

மோட்டார் சைக்கிளுக்கு ஒயில் மாற்றும்போது அடியில் வெட்டிய கேன் வைப்போம். கறுப்பாக, மணலும் இரும்புத் தூளும் கலந்து இறங்கும். பெரிய கராஜ்களில் அதைப் பீப்பாயில் சேர்த்து வாங்க வருகிறவர்களுக்குக் கொடுப்பார்கள். வீதியோரத்தில் ஒற்றை ஆளாக வேலை செய்கிறவர்களிடம் பீப்பாய் நிறைய மாதக்கணக்காகும், வைக்கவும் இடமில்லை. நான் முன்பு வேலை பழகிய ஓரிடத்தில் அது நேரே பக்கத்துக் கானுக்குள், அதாவது வடிகாலுக்குள், போனது. முதல் மழைக்குக் கான் முழுக்க வர்ணம் வர்ணமாக மின்னும். அந்தக் கான் எங்கே போய் விழுகிறது? கடலுக்குத்தான்.

ஒரு நாள் கொட்டுவது ஒரு கேன். எத்தனை கராஜ், எத்தனை ஆட்டோ, எத்தனை வருடம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கண்டல்காடு எழுதியது:

கராஜ் தம்பி சொல்வதை ஆராய்ச்சியும் சொல்கிறது. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2022இல் வெளியிட்ட அறிக்கையில், வட அமெரிக்கக் கடல்களுக்கு மனிதரால் போகும் எண்ணெயில் பெரும்பங்கு தரையிலிருந்து கழுவிச் செல்வது என்கிறார்கள். வீதி, வாகனம், கான். இந்தச் செய்தி எனக்கு ஆறுதல்தான். ஆழ்கடலில் போகும் கப்பலை நம்மால் நிறுத்த முடியாது. கானுக்குள் ஒயில் போவதை நிறுத்த முடியும்.

நிலாவெளி ரீச்சர் எழுதியது:

“எப்படிக் குறைப்பது” என்ற பாதிக்கு நான் வருகிறேன். டவுனில் வீடு, நிலாவெளி தாண்டிப் பாடசாலை. பஸ் இருக்கிறது. காலையில் எனக்கு வேண்டிய நேரத்துக்கு முன்னும் வரும், பின்னும் வரும், அந்த நேரத்துக்கு மட்டும் வராது. அதனால் பாடசாலையில் ஏறக்குறைய எல்லாருக்கும் ஸ்கூட்டர். ஒரே வீதியில் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு ஆளுக்கொரு ஸ்கூட்டரில் போகிறோம். 2022இல் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வான் பிடித்தோம். எண்ணெய் வந்ததும் அது கலைந்து போய்விட்டது. கலைந்திருக்க வேண்டியதில்லை, செலவு குறைவாகத்தான் இருந்தது. ஆனால் ஒருவருக்கு மாலை வகுப்பு, ஒருவருக்குப் பிள்ளையை ஏற்ற வேண்டும். அந்தச் சின்னச் சின்ன மாற்றங்களுக்கு வான் வளைந்து கொடுக்காது.

சைக்கிள் நல்லதுதான். உப்புவெளியிலிருந்து டவுனுக்குத் தாராளமாக மிதிக்கலாம், தரை மட்டம். ஆனால் பெண் பிள்ளைகள் பின்னேரம் ரியூசன் முடிந்து வரும்போது வீதி விளக்கு வேண்டும், ஓரத்தில் இரண்டடி இடம் வேண்டும். அதில்லாமல் சைக்கிளில் போ என்று எந்தத் தாயிடமும் நான் சொல்ல மாட்டேன். குச்சவெளிக்காரரிடமும் சைக்கிளைப் பற்றிப் பேச வேண்டாம், அவர்களுக்கு வேண்டியது நேரத்துக்கு வரும் பஸ்.

என் அபிப்பிராயம், பாடசாலை விடும் நேரத்துக்கும் கந்தோர் தொடங்கும் நேரத்துக்கும் பொருத்தி இரண்டு பஸ் கேட்டு, ஊரே கையெழுத்து வைத்து டிப்போவுக்குக் கொடுத்தால் அதில் மிச்சமாகும் எண்ணெய் நாம் தனித்தனியாக எவ்வளவு முயன்றாலும் வராது.

இறக்கக்கண்டி வெங்காயம் எழுதியது:

தோட்டக்காரன் பக்கமும் ஒரு வார்த்தை. இங்கே சின்ன வெங்காயத்துக்குக் கிணற்றிலிருந்து இறைப்பது மண்ணெண்ணெய் மோட்டார். பக்கத்துத் தோட்டத்தில் சூரிய மின் மோட்டார் போட்டிருக்கிறார்கள். காலை வெயில் ஏறியதும் தானாக ஓடும், சத்தமே இல்லை. வெங்காயத்துக்கு வெயில் உள்ள நாளில்தான் தண்ணீர் வேண்டும், வெயில் உள்ள நாளில்தான் அது இறைக்கும். இரண்டும் பொருந்தி வருகிறது. போடும்போதுதான் காசு. சங்கமாகக் கடன் எடுத்தால் முடியும் என்கிறார்கள், விசாரித்துக்கொண்டிருக்கிறேன். சம்பூரில் 500 மெகாவோட் நிலக்கரி ஆலை வர இருந்த இடத்தில் இப்போது சூரிய மின் பூங்கா வருகிறது. அதைத் தடுக்கக் கத்தியவர்களில் நம் ஊர்க்காரரும் உண்டு, மறக்க வேண்டாம்.

திருக்கடலூர் வள்ளம் எழுதியது:

தம்பி, “எந்தப் பங்கு வீண்” என்று கேட்டிருந்தீர்கள். மகனோடும் கூட வருகிறவர்களோடும் இருந்து கதைத்தேன். சொல்கிறேன்.

முதலாவது வேகம். எல்லாரும் முழு றேஸில் ஓடுகிறோம், முதலில் கரைக்கு வந்தவனுக்கு நல்ல விலை. கொஞ்சம் கையைக் குறைத்தால் நேரம் சிறிது கூடும், எண்ணெய் நிறைய மிஞ்சும். எல்லா என்ஜின்காரருக்கும் தெரிந்ததுதான். ஒருவன் மட்டும் குறைத்தால் விலை போய்விடும். ஏலம் தொடங்கும் நேரத்தைச் சங்கம் நிச்சயப்படுத்தினால் எல்லாரும் குறைக்கலாம்.

இரண்டாவது, வள்ளத்து அடி. பாசியும் சிப்பியும் பிடித்த அடியோடு ஓடினால் என்ஜின் மூச்சு வாங்கும். வாரம் ஒரு முறை ஏற்றித் தேய்க்கிறவன் வித்தியாசத்தை எண்ணெய்க் கேனில் பார்ப்பான்.

மூன்றாவது, தங்கச்சிக்குச் சந்தோசமாக இருக்கும். எங்கள் பழைய டூ ஸ்ட்ரோக் என்ஜின் எரிக்காத எண்ணெயைப் புகையோடு தண்ணீருக்குள்தான் தள்ளுகிறது. பயத்தில் கம்பனி சொன்ன அளவை விட ஒயிலைக் கூடக் கலக்கிறோம். அதெல்லாம் காசு, அதெல்லாம் கடலுக்குள். ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜின் குறைவாகக் குடிக்கும், வாங்கத்தான் எங்களிடம் காசில்லை. மண்ணெண்ணெய்க்கு மானியம் தந்தவர்கள் என்ஜின் மாற்ற மானியம் தரட்டும், வாங்கிக்கொள்கிறோம்.

அப்புறம் வள்ளத்து அடியில் தேங்கும் தண்ணீர். என்ஜின் ஒயிலும் மண்ணெண்ணெயும் கலந்து கறுப்பாக நிற்கும். வெட்டிய போத்தலால் அள்ளிக் கடலில் ஊற்றுகிறோம். எங்கள் கடல், நாங்களே ஊற்றுகிறோம். கரையில் வேறு எங்கே ஊற்றுவது என்று யாராவது சொன்னால் நாளைக்கே நிறுத்தலாம்.

உப்புவெளியான் எழுதியது:

அண்ணை, இதற்காகத்தான் இழை தொடங்கினேன். இப்போது ஒரு வேலை கண்ணில் தெரிகிறது. இறங்குதுறையில் பழைய ஒயிலுக்கு ஒரு பீப்பாய், பக்கத்தில் பூட்டுப் பெட்டியில் கையுறை, முகமூடி, சாக்கு, கயிறு. நாள்தோறும் பீப்பாய் பயன்படும். கசிவு வரும் நாளில் அதே இடத்தில் அதே ஆட்கள் நிற்பார்கள், பெட்டியின் சாவி யாரிடம் என்று தேட வேண்டியிருக்காது. சங்கத்தில் பேசி உங்கள் துறையில் ஒன்றைத் தொடங்க விருப்பமா? அதிகாரசபைக்குக் கடிதத்தை நானும் கண்டல்காடும் எழுதுகிறோம். பஸ் மனுவை ரீச்சர் தொடங்கினால் உப்புவெளிப் பக்கக் கையெழுத்துக்கு நான் அலைகிறேன்.

நிலாவெளி ரீச்சர் எழுதியது:

தொடங்குகிறேன். பெற்றோர் கூட்டத்தில் முதல் கையெழுத்து.

திருக்கடலூர் வள்ளம் எழுதியது:

சங்கத்தில் கேட்கிறேன். பீப்பாய் நிறைந்தால் யார் எடுப்பார்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். நிறைந்து வழிந்து கரையில் நிற்கும் பீப்பாயை எங்கள் பெண்கள் ஒரு நாளும் விட மாட்டார்கள்.

கராஜ் தம்பி எழுதியது:

ஐயா, எங்களிடம் வாங்க வருகிறவரிடம் கேட்டேன். வருவார், ஆனால் தண்ணீர் கலந்த ஒயிலை எடுக்க மாட்டார். அதனால் ஒரு பீப்பாய் போதாது. என்ஜினிலிருந்து இறக்கிய பழைய ஒயிலுக்கு ஒன்று, வள்ளத்து அடித் தண்ணீருக்கு ஒன்று. இரண்டாவதை ஓரிரு நாள் அசையாமல் வைத்தால் ஒயில் மேலே மிதந்து நிற்கும், அதை வழித்து முதல் பீப்பாயில் சேர்க்கலாம். கீழே நிற்கும் தண்ணீரைக் கானில் விடாமல் வேறாக எடுப்பது எப்படி என்று தங்கச்சி கடிதத்திலேயே கேட்கட்டும். இரண்டுக்கும் மூடி வேண்டும், மேலே தகரம் வேண்டும், வாடை மழை உள்ளே போனால் எல்லாம் வழிந்துவிடும். பீப்பாய் இரண்டையும் கழுவி நான் தருகிறேன். ஏற்றிப் போக மட்டும் யாராவது லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் கொண்டு வாருங்கள்.